ஸ்பிட்ஃபயர் மாடல்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

பிளாஸ்டிக் விமானக் கிட் கட்டுகிறவர்கள் கொண்டுவந்து காட்டும் கோளாறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. இறக்கை உடலோடு சேருமிடத்தில் சந்து, புகை படிந்ததுபோல் மங்கிய காக்பிட் கண்ணாடி, டீகாலுக்கு (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அடையாளப் படம்) அடியில் வெள்ளி மினுமினுப்பு, கடைசி வார்னிஷில் வெண்படலம். இங்கே இரண்டாம் உலகப் போர்க் காலப் பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயரை வைத்தே எழுதுகிறேன். ஹரிகேன், மெஸ்ஸர்ஷ்மிட் 109, மஸ்டாங் என்று நீங்கள் எதைக் கட்டினாலும் சோதனைகள் மாறப்போவதில்லை.

தொடங்கும் முன் ஒன்று. கோளாறு கண்ணில் பட்டதும் அதன் மேல் இன்னொரு கோட் அடித்து மறைக்கப் பார்க்காதீர்கள். ஈரத்தில் விரல் வைக்கவும் வேண்டாம். மாடலை ஒரு நாள் அப்படியே மூடி வையுங்கள். கோளாறு எந்த அடுக்கில் பிறந்ததோ அந்த அடுக்குவரை இறங்கித்தான் சரிசெய்ய முடியும். என்னிடம் வரும் பாழான மாடல்களில் பாதிக்கு மேல் முதல் கோளாறால் பாழானவை அல்ல. அவசரமாக அதன் மேல் செய்த வைத்தியத்தால் பாழானவை.

## உடலின் இரு பாதிகளும் மூடவில்லை

க்ளூ போடுவதற்கு முன்பே இது தெரிந்திருக்க வேண்டும். அதனால் முதலில் க்ளூ இல்லாமல், மாஸ்கிங் டேப் மட்டும் வைத்து மூடிப் பாருங்கள்.

காக்பிட் இல்லாமல் மூடுகிறது, காக்பிட் வைத்தால் மூடவில்லை. காக்பிட் பக்கச் சுவர்களின் விளிம்பில் பெயின்ட் ஏறியிருக்கும். இரண்டு பக்கமும் சேர்ந்தால் அந்தத் தடிமனே போதும், மூக்கு திறந்துகொள்ளும். ஒட்டும் இடங்களில் உள்ள பெயின்டை பிளேடு முனையால் சுரண்டுங்கள். அப்புறமும் மூடவில்லை என்றால் விமானி இருக்கைக்குப் பின்னால் வரும் குறுக்குத் தடுப்பின் ஓரத்தை 400 நம்பர் உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்து மீண்டும் மூடிப் பாருங்கள். ஒரேயடியாகத் தேய்க்க வேண்டாம்.

காக்பிட் இல்லாமலும் மூடவில்லை. ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டிய இடத்தில் மொட்டு மிச்சம் இருக்கிறதா என்று விரல் நுனியால் தடவுங்கள். பெரும்பாலும் அதுதான். மொட்டு இல்லை, ஆனால் ஒரு பாதி வாழைப்பழம்போல் வளைந்திருக்கிறது என்றால் கை பொறுக்காத சூட்டில், கொதிக்காத தண்ணீரில் சில நிமிடம் வைத்து, எதிர்ப்பக்கம் மெல்ல வளைத்து, குளிர்ந்த தண்ணீரில் பிடித்தபடியே ஆறவிடுங்கள். லேசான வளைவுக்கு இதுகூட வேண்டாம். மூக்கிலிருந்து வாலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டு போனால் தானே நேராகும். ஓர் அங்குலம் ஒட்டிக் காயவிட்டு, அடுத்த அங்குலம்.

பாகமே அரைகுறையாக வார்க்கப்பட்டிருக்கிறது. வெட்டாதீர்கள், தேய்க்காதீர்கள். ஸ்ப்ரூவோடு படம் எடுத்து, பெட்டியில் உள்ள பாக எண்ணைக் குறிப்பிட்டு, வாங்கிய கடைக்கோ தயாரிப்பாளரின் உதிரிபாகப் பிரிவுக்கோ எழுதுங்கள். கத்தி பட்ட பாகத்துக்கு மாற்றுக் கேட்பது கஷ்டம்.

## இறக்கை வேரில் சந்து

ஸ்பிட்ஃபயரில் அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

இறக்கை உடலோடு சேருமிடத்தில் குழிந்து வளைந்து ஏறும் தகடு இந்த விமானத்தின் அடையாளங்களில் ஒன்று. புட்டியை அப்பித் தேய்த்தால் அந்த வளைவே போய்விடும். எனவே புட்டி கடைசி ஆயுதம்.

இறக்கைகள் நுனியை நோக்கி மேலேறும் கோணத்தை முதலில் பாருங்கள். நிஜ ஸ்பிட்ஃபயரில் அது 6 டிகிரி. மாடலில் இறக்கை தட்டையாக விழுந்திருந்தால் மேல்பக்க வேரில் சந்து விழும். ஒரு நுனியிலிருந்து உடலின் முதுகு வழியாக மறு நுனிக்கு மாஸ்கிங் டேப்பை இழுத்து ஒட்டிப் பாருங்கள். நுனிகள் உயர உயர வேர்ச் சந்து மூடுகிறதா? மூடினால் உங்களுக்குப் புட்டியே தேவையில்லை. டேப்பை அப்படியே விட்டு, மெல்லிய சிமென்ட்டை (பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் நீர்த்த பசை) பிரஷ் நுனியால் கோட்டில் ஓடவிட்டு, இரவு முழுக்கத் தொடாமல் வையுங்கள். அதற்கு முன் இரண்டு நுனிகளும் மேசையிலிருந்து ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று அளந்துகொள்ளுங்கள். கிட் தாளிலுள்ள முன்பக்கப் படத்தோடும் ஒப்பிடுங்கள். கண் ஏமாற்றும், ஸ்கேல் ஏமாற்றாது.

டேப் இழுத்தும் மூடவில்லை என்றால் உடல் ஒடுங்கியிருக்கிறது. இறக்கை இன்னும் ஒட்டப்படவில்லையா? அப்படியென்றால் தேவையற்ற ஸ்ப்ரூவில் ஒரு துண்டு வெட்டி, உடலுக்குள் குறுக்கே முட்டுக்கொடுங்கள். உடல் அரை மில்லிமீட்டர் விரிந்தால் போதும், சந்து காணாமல் போகும். வெளியே இருந்து யாரும் அந்தத் துண்டைப் பார்க்கப்போவதில்லை. பல கிட்களில் கீழ் இறக்கை ஒரே துண்டு, மேல் இறக்கை இரண்டு துண்டு. அவற்றில் மேல் துண்டுகளை முதலில் உடலோடு வேர் பொருந்த ஒட்டிவிட்டு, கீழ்த் துண்டை அப்புறம் ஒட்டலாம். தாளில் சொல்லும் வரிசை இதற்கு நேரெதிராக இருந்தாலும் சரி. சந்து அடிப்பக்கத்துக்குத் தள்ளப்படும், அங்கே தேய்ப்பது எளிது.

எல்லாம் ஒட்டிக் காய்ந்த பிறகுதான் பார்த்தீர்கள் என்றால்:

மயிரிழைச் சந்துக்குத் தண்ணீரில் கரையும் வெள்ளைப் புட்டி. வைத்த உடனே ஈரமான காது பட்ஸால் துடைத்தால் சந்தில் மட்டும் நிற்கும், பேனல் கோடுகள் (விமானத் தகடுகள் சேரும் கோடுகள்) கெடாது. அதைவிட அகலமான சந்துக்குப் பிளாஸ்டிக் ஷீட்டில் சீவல் எடுத்துச் செருகி, மெல்லிய சிமென்ட் விட்டு, காய்ந்தபின் வெட்டித் தேயுங்கள். டியூப் புட்டியை அகலமான சந்தில் திணித்தால் காயக் காய உள்ளே இறங்கும். இன்று சமமாக இருப்பது அடுத்த வாரம் குழியாகத் தெரியும்.

சூப்பர் க்ளூவால் நிரப்புகிறவர்கள் கெட்டியானவுடனே, ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுங்கள். நாள் ஆக ஆக அது சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும். அப்புறம் தேய்த்தால் பிளாஸ்டிக்தான் குறையும், க்ளூ மேடாக நிற்கும்.

## தேய்த்து மறைத்த ஒட்டுக்கோடு பெயின்டுக்குப் பிறகு திரும்பி வருகிறது

க்ளூ காய்வதற்குள் தேய்த்திருக்கிறீர்கள். சிமென்ட் பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் ஒட்டுகிறது. தொட்டால் காய்ந்ததுபோல் தோன்றும், உள்ளே மிருதுவாகவே இருக்கும். ஒட்டிய நாளன்றே தேய்க்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் விட்டால் இன்னும் நல்லது.

சரிசெய்ய: கோட்டின் இருபுறமும் மட்டும் 600, 1000 என்று தேய்த்து பெயின்டைச் சரிவாக்குங்கள். குழி இருந்தால் சர்ஃபேசரை (குழி நிரப்பும் கெட்டிப் பிரைமர்) பிரஷால் தடவி, காயவிட்டு, மறுபடி தேயுங்கள். பிறகு அந்த இடத்தில் மட்டும் சாம்பல் பிரைமர் அடித்துப் பாருங்கள். பிரைமரில் தெரியாத கோடும் சில்வர் பெயின்டில் தெரியும். மூக்கின் மேல்பகுதி, உடலின் முதுகு, அடிவயிறு மூன்றையும் பச்சை அடிப்பதற்கு முன் சில்வர் வைத்துச் சோதிப்பது வீண் வேலை அல்ல.

தேய்த்ததில் பேனல் கோடு அழிந்துபோனால், தடித்த லேபிள் டேப்பை ஓரமாக ஒட்டி அதன் விளிம்பைப் பிடித்து ஊசியால் மெல்லப் பலமுறை கீறுங்கள். ஒரே கீறலில் ஆழமாகப் போக நினைத்தால் ஊசி வழுக்கி இறக்கை முழுக்கக் கோடு போடும்.

## காக்பிட் கண்ணாடி மங்கிவிட்டது

பனி மூட்டம்போல் வெளுப்பு. சூப்பர் க்ளூவின் ஆவி படிந்தது. வெளிப்பக்கம் என்றால் பிழைத்தீர்கள். பட்ஸில் வெள்ளை டூத்பேஸ்ட் (ஜெல் வேண்டாம்) எடுத்து வட்டமாகத் தேய்த்துக் கழுவி, அக்ரிலிக் கிளியர் கிளாஸில் (நிறமற்ற பளபளப்பு வார்னிஷ்) முக்கி எடுத்து, தூசி படாமல் கவிழ்த்து மூடிவையுங்கள். உள்பக்கம் மங்கியிருந்தால் கண்ணாடியைக் கழற்றியாக வேண்டும். ஃபெவிகால் வகை வெள்ளைப் பசையால் ஒட்டியிருந்தால் ஓரத்தில் ஈரம் விட்டால் இளகும். சூப்பர் க்ளூவால் ஒட்டியிருந்தால் பிளேடால் நெம்பும்போது விரிசல் விடும் வாய்ப்பு அதிகம். மங்கலோடு வாழ்வதா, உடைந்தால் புதிது வாங்குவதா என்று முடிவு செய்துகொண்டு பிளேடை எடுங்கள்.

கீறல். 2000 நம்பர், 3000 நம்பர், அப்புறம் பாலிஷ், கடைசியில் கிளியர் கிளாஸ். நகத்தில் தட்டுப்படாத கீறல் முழுதாகப் போய்விடும்.

சிமென்ட் விரல் ரேகை, அல்லது விரிசல். ரேகை ஆழமில்லை என்றால் மேலே சொன்ன தேய்ப்பு. விரிசல் சரியாகாது. தயாரிப்பாளரிடம் கண்ணாடி ஸ்ப்ரூவை மட்டும் கேட்கலாம், அல்லது தனியாக விற்கும் மெல்லிய வேக்யூம் கண்ணாடி வாங்கலாம்.

கண்ணாடிக்கு வெள்ளைப் பசைதான். உடலுக்குள் வேறு எங்காவது சூப்பர் க்ளூ போட்டிருந்தாலும், ஆவி போக ஒரு நாள் திறந்துவைத்துவிட்டு அப்புறம் மூடுங்கள்.

## பெயின்ட் மேற்பரப்பு சரியில்லை

மணல் தூவியதுபோல் சொரசொரப்பு. பெயின்ட் மாடலை அடைவதற்குள் காற்றிலேயே காய்ந்துவிடுகிறது. கத்திரி வெயிலில் மின்விசிறிக்கு அடியில் அடித்தால் இது நிச்சயம். விசிறியை நிறுத்துங்கள், ஏர்பிரஷை 5 முதல் 10 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். இன்னும் சொரசொரத்தால் தின்னரைக் கூட்டுங்கள். டமியா அக்ரிலிக்குக்கு ஒரு பங்கு பெயின்டுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு எக்ஸ்-20ஏ தின்னர், அழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அதற்கும் மசியவில்லை என்றால் சில துளி ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்). ஏற்கெனவே காய்ந்த சொரசொரப்பை 2000 நம்பர் தாளில் தண்ணீர் தொட்டு நீவினால் போதும், உரிக்கத் தேவையில்லை.

ஆரஞ்சுத் தோல்போல் மேடு பள்ளம். பெயின்ட் கெட்டி. மேலே சொன்ன அளவுக்குத் தின்னரைக் கூட்டுங்கள்.

வழிந்துவிட்டது. துடைக்காதீர்கள். முழுக்கக் காயவிட்டு, வழிந்த முனையை மட்டும் தேய்த்து மேலே மெல்லிய கோட்.

பால் ஊற்றியதுபோல் வெளுப்பு. லேக்கர் பெயின்டிலும் வார்னிஷிலும் வரும். காற்றின் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டது. ஐப்பசி கார்த்திகை மழையில் கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இது ஆண்டுதோறும் வரும் விருந்தாளி. முதலில் காற்று காய்ந்த நாள் வரை காத்திருந்து பாருங்கள். லேசான வெளுப்பு தானே போவதுண்டு. போகவில்லை என்றால் மெதுவாகக் காயும் லெவலிங் தின்னரை மட்டும் மெல்லிய தூறலாக அடியுங்கள். படலம் இளகி ஈரம் வெளியேறும். அடுத்து பாருங்கள்: கம்ப்ரஸரின் நீர்ப்பிடிப்பான் நிறைந்திருக்கிறதா? அதை வடிக்காமல் அடித்தால் துளித்துளியாகத் தண்ணீரும் சேர்ந்து வரும். ஓர் ஈரப்பத மீட்டர் வாங்கி வைப்பது பெரிய செலவில்லை. 80 சதவீதத்துக்கு மேல் காட்டும் நாளில் லேக்கர் அடிக்காமல் வேறு வேலை பாருங்கள். ஏ.சி. அறை இருந்தால் மாடலை அங்கே உலர்த்தலாம், ஆனால் ஜன்னல் மூடிய அறையில் லேக்கர் அடிக்கக் கூடாது.

டேப்பை எடுத்தால் பெயின்டும் கூடவே வருகிறது. காரணங்கள் இந்த வரிசையில். டேப்பின் ஒட்டும் பலம் அதிகம்: புறங்கையில் இரண்டு தடவை ஒட்டி எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். பெயின்ட் முழுக்கக் காயவில்லை. பாகங்களைக் கழுவவில்லை: அச்சிலிருந்து பாகம் சுலபமாக வரப் பூசும் எண்ணெயும் கைப்பிசுக்கும் அப்படியே இருக்கின்றன, பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவியிருக்க வேண்டும். கடைசியாக, பிரைமர் போடவில்லை. சிறிய இடம் உரிந்திருந்தால் ஓரங்களைத் தேய்த்துச் சரிவாக்கி, பிரைமர், பெயின்ட். மூன்று நான்கு இடங்களில் உரிந்தால் ஒட்டுப்போடாதீர்கள், மொத்தமும் உரிந்து வரப்போகிறது. அக்ரிலிக் என்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷால் எடுத்துவிடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் என்.சி. தின்னரில் மாடலை ஊறவைக்கக் கூடாது. அது பெயின்டோடு பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும். ஏர்பிரஷைக் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

## நிற எல்லைகள் கெட்டுவிட்டன, அல்லது நிறமே தப்பாகத் தெரிகிறது

டேப்புக்கு அடியில் ஒழுகியிருந்தால், அடுத்த தடவை டேப் ஓரத்தில் அடிநிறத்தையே ஒரு தூறல் அடித்து அடைத்துவிட்டு, பிறகு மேல்நிறம் அடியுங்கள். எல்லையில் மேடு நின்றால் பெயின்ட் கெட்டியாக விழுந்திருக்கிறது. 2000 நம்பரில் இரண்டு நீவு. எல்லை புகைபோல் அகலமாகப் பரவியிருந்தால் அளவுக் கணக்கு போட்டுப் பாருங்கள். நிஜத்தில் 25 மி.மீ. அகலத்துக்கு மங்கலான எல்லை என்று வைத்துக்கொண்டாலும் 1/72 மாடலில் அது 0.35 மி.மீ., 1/48-இல் அரை மில்லிமீட்டர்தான். அதாவது கிட்டத்தட்டக் கூர்மையாகவே இருக்க வேண்டும். டேப்பால் வருகிற கறார்க் கோடு பிடிக்காவிட்டால் ப்ளூ டேக்கை (சுவரில் படம் ஒட்டும் களிமண் போன்ற பசை) மெல்லிய கயிறாக உருட்டி எல்லையில் வைத்து, நேர் மேலிருந்து அடியுங்கள்.

நிறம் தப்பாகத் தெரிந்தால் பெயின்ட் பாட்டிலை மாற்றுவதற்கு முன் ஆண்டைப் பாருங்கள். 1940 கோடையில் பிரிட்டன் வான்போரில் பறந்த ஸ்பிட்ஃபயருக்கு மேலே டார்க் எர்த் (மண்நிறம்), டார்க் கிரீன், அடியில் ஸ்கை (வெளிர் பச்சைச் சாயல்). வாலருகே வரும் ஸ்கை பட்டை 1940 கடைசியில்தான் வந்தது. 1941 ஆகஸ்ட்டில் மண்நிறம் போய் ஓஷன் கிரே வந்தது, அடியில் மீடியம் சீ கிரே. இறக்கையின் முன்விளிம்பில் வரும் மஞ்சள் கோடு அந்தப் பிந்தைய தோற்றத்தைச் சேர்ந்தது. மண்நிற விமானத்தில் வால் பட்டையும் மஞ்சள் கோடும் சேர்ந்து வந்தால் பார்க்கிறவருக்கு என்னவோ உறுத்தும், காரணம் சொல்லத் தெரியாது.

ஸ்கை நிறம் சரியாக வரவில்லை என்று பலர் மூன்று பிராண்ட் வாங்கிக் கலந்து பார்க்கிறார்கள். 1940 விமானத்துக்கு அவ்வளவு வருத்தம் வேண்டாம். ஜூனில் உத்தரவு வந்தபோது அந்தப் பெயின்ட் போதிய அளவு கிடைக்காமல் தளங்களில் கிடைத்ததைக் கலந்து அடித்தார்கள், சாயல்கள் மாறித்தான் இருந்தன. டமியா எக்ஸ்எஃப்-21 அல்லது ஹம்ப்ரால் 90, இரண்டில் ஒன்று போதும். மேலே ஹம்ப்ரால் 29, 30. 1941-க்குப் பிந்தையதற்கு டமியாவில் எக்ஸ்எஃப்-81, 82, 83 என்று வரிசையாகவே இருக்கின்றன.

## ஏர்பிரஷ் ஒழுங்காக அடிக்கவில்லை

கோப்பையில் குமிழி வந்தால் முன்முனை இறுகவில்லை, காற்று பின்னோக்கி வருகிறது. கையால் இறுக்குங்கள், குறடு வேண்டாம். இறுக்கியும் குமிழி வந்தால் நாசிலைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்: வாய் விரிந்தோ பிளந்தோ இருந்தால் புது நாசில்தான். விட்டுவிட்டுத் துப்பினால் ஊசி முனையில் பெயின்ட் காய்ந்திருக்கிறது. தின்னரில் நனைத்த பட்ஸால் துடைத்தபடி அடியுங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து அடித்தால் ஊசி வளைந்திருக்கிறது. கண்ணாடித் தகட்டில் உருட்டிப் பார்த்தால் தெரியும். லேசான வளைவை நகத்தால் நீவி நேராக்கலாம், கொக்கிபோல் மடங்கியதை மாற்ற வேண்டும்.

எல்லாம் சுத்தம், நாசிலும் புதிது, ஆனாலும் காற்று விடாமல் கசிகிறது என்றால் உள்வால்வு. விற்ற கடையின் சர்வீஸுக்கு அனுப்புங்கள். கம்ப்ரஸர் அளவுக்கு மீறிச் சூடானாலோ, அழுத்தம் நிற்காமல் ஏறினாலோ, தொட்டியிலிருந்து துருநீர் வந்தாலோ பிளக்கைப் பிடுங்கி, காற்றை வெளியேற்றி, மெக்கானிக்கிடம் கொடுங்கள். பாதுகாப்பு வால்வை நீங்கள் திருகிப் பார்க்காதீர்கள்.

## டீகாலுக்கு அடியில் வெள்ளி மினுமினுப்பு

டார்க் கிரீன் மேல் சாம்பல் எழுத்துகள் ஒட்டும்போது இது கண்ணைக் குத்தும். மேட் பெயின்டின் சொரசொரப்பில் காற்று மாட்டிக்கொண்டதால் வருவது. அதனால் டீகாலுக்கு முன் கிளாஸ் கோட் கட்டாயம், அதைத் தவிர்க்க வழியில்லை.

ஏற்கெனவே வந்துவிட்டதா? மினுக்கும் இடத்தில் புது ஊசியால் நிறையக் குத்துங்கள். மைக்ரோ சால் (டீகாலை இளக்கிப் படியவைக்கும் திரவம்) ஒரு துளி வைத்து விட்டுவிடுங்கள். டீகால் சுருங்கியதுபோல் பயமுறுத்தும், தொடாதீர்கள், காயும்போது தானே படியும். தொட்டால் கிழியும். மறுநாள் மினுக்கல் மிச்சமிருந்தால் மீண்டும் அதே வேலை. இரண்டு மூன்று தடவையில் பெரும்பாலும் போய்விடும். அப்புறமும் ஓரத்தில் தெரிந்தால், பின்னணி நிறத்தை மெல்லிய பிரஷில் எடுத்து அந்த ஓரத்தில் மட்டும் தொட்டுவிடலாம்.

பெட்டியில் வரும் அடையாளங்களை விட்டுவிட்டுத் தனி எழுத்துத் தாள் வாங்கி ஒட்டுகிறவர்களுக்கு இது இன்னும் அதிகம் வரும். நம்மவர்கள் பலருக்கு 'மதராஸ் பிரசிடென்சி' என்ற பெயரைத் தாங்கிய 234வது ஸ்குவாட்ரன் விமானம் செய்ய ஆசை. 1940 ஆகஸ்ட்டில் தென் இங்கிலாந்தின் மிடில் வாலப் தளத்திலிருந்து ஸ்பிட்ஃபயரில் பறந்த பிரிவு அது, உடலில் ஏ, இசட் என்ற எழுத்துகள். எனக்கும் பிடித்த விமானம். எழுத்துகளைத் தாளிலிருந்து வெட்டும்போது சுற்றியுள்ள வெற்றுப் படலத்தை முடிந்தவரை ஒட்ட வெட்டுங்கள். படலம் இல்லாத இடத்தில் மினுக்க எதுவும் இல்லை.

தண்ணீரில் போட்டதும் டீகால் துண்டாகிறது. பழைய தாள். தாளில் தேவைப்படாத ஒன்றை முதலில் நனைத்துச் சோதியுங்கள். உடைந்தால், மீதித் தாள் முழுக்கக் கிளாஸ் லேக்கரோ திரவ டீகால் ஃபிலிமோ பூசிக் காயவைத்து, ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டுங்கள்.

மஞ்சள் ஏறியிருக்கிறது. ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் வெயில் படும்படி சில நாள் ஒட்டிவையுங்கள். பெரும்பாலும் வெளுக்கும்.

வளைந்த இடத்தில் படியவில்லை. முதலில் மைக்ரோ செட், ஒட்டியபின் மைக்ரோ சால். அதற்கும் படியாத வேர் வளைவில் டீகாலைப் பேனல் கோடு வழியே கீறிவிடுங்கள்.

## பேனல் கோட்டு வாஷ் திட்டுத்திட்டாகப் பரவிவிட்டது

வாஷ் என்பது கோடுகளை எடுத்துக்காட்ட விடும் நீர்த்த கருநிறப் பெயின்ட். கிளாஸ் கோட் இல்லை, அல்லது எனாமல் பெயின்ட் மேல் எனாமல் வாஷ் நேரடியாகப் போட்டிருக்கிறீர்கள். காய்வதற்குள் என்றால் ஒயிட் ஸ்பிரிட் தொட்ட பட்ஸால் காற்று ஓடும் திசையில், முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். அடிப்பெயின்ட் கரைந்து வந்தால் உடனே நிறுத்திவிட்டு, காய்ந்தபின் அந்தப் பேனலை மட்டும் மீண்டும் அடியுங்கள்.

## கடைசி மேட் வார்னிஷ் வெள்ளை பூத்துவிட்டது

இரண்டு காரணம்: பாட்டிலின் அடியில் தங்கிய மேட் பொடியைக் கலக்காமல் அடித்தது, அல்லது ஈரக்காற்று. கலக்குவது என்றால் குலுக்குவதல்ல, குச்சி விட்டு அடிவரை கிளறுவது. சரிசெய்ய மேலே ஒரு கிளாஸ் கோட் அடியுங்கள். வெளுப்பு பெரும்பாலும் மறையும். ஒரு நாள் விட்டு, நன்கு கிளறிய மேட்டை மெல்லியதாக இரண்டு தடவை அடியுங்கள். கிளாஸில் மறையவில்லை என்றால் வெளுப்பு ஆழத்தில் இருக்கிறது. தேய்த்து எடுத்தால் டீகாலும் போகும். இந்தக் கட்டத்தில் அனுபவமுள்ள ஒருவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வது நல்லது.

## மாடல் சாய்ந்து நிற்கிறது, புரொப்பெல்லர் உறுத்துகிறது

ஸ்பிட்ஃபயரின் சக்கரக் கால்கள் ஒடுங்கி நிற்பவை, அரை டிகிரி தப்பினாலும் ஓர் இறக்கை தாழும். முதலில் மேசை சமமா என்று பாருங்கள். அப்புறம் சக்கரங்களின் தட்டைப்பகுதி தரையில் உட்கார்கிறதா. கால்தான் தப்பு என்றால் ஒட்டில் மெல்லிய சிமென்ட் ஒரு துளி விட்டு இளகியதும் நேராக்கி, டேப்பால் கட்டி இரவு வையுங்கள். கால் முறிந்தால் இரு முனையிலும் 0.4 மி.மீ. துளையிட்டு பித்தளைக் கம்பி செருகி ஒட்டுங்கள். வெறும் க்ளூ நிற்காது.

புரொப்பெல்லர்: மெர்லின் எஞ்சின் விமானத்தில் அது விமானியின் பார்வையில் வலஞ்சுழியாகச் சுற்றும். முன்னால் நின்று, மேல்நோக்கி நிற்கும் அலகைப் பாருங்கள். அதன் தடித்த விளிம்பு உங்கள் இடப்பக்கம், உங்களை நோக்கி முன்வந்து இருக்க வேண்டும். மார்க் 12, 14 போன்ற கிரிஃபன் எஞ்சின் விமானங்களுக்கு இது நேர்மாறு. அலகுகளைத் தனித்தனியாக ஒட்டும் கிட்டில், க்ளூவுக்கு முன் இதைப் பாருங்கள்.

## பல்லாண்டு முன் வீட்டில் யாரோ செய்த மாடல், இப்போது உரிகிறது

பிரிட்டிஷ் கிட் நிறுவனமான ஏர்ஃபிக்ஸின் முதல் விமானக் கிட்டே 1950-களில் வந்த 1/72 ஸ்பிட்ஃபயர்தான். அலமாரிகளில் வயதான ஸ்பிட்ஃபயர்கள் இருப்பதில் ஆச்சரியமில்லை. இவற்றைப் புதியதுபோல் ஆக்க முயலாதீர்கள். மிருதுவான பிரஷால் தூசியை எடுங்கள். கழன்ற பாகத்தை வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள், பின்னால் எடுக்க முடியும். பெயின்டைத் தேய்க்கவே வேண்டாம், பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும். டீகால் பொடிப்பொடியாக உதிர்ந்தாலோ, பிளாஸ்டிக் நொறுங்கினாலோ, எல்லாப் பக்கமும் படம் எடுத்து, உதிர்ந்த துண்டுகளை ஒரு டப்பாவில் சேர்த்து, அருங்காட்சியகப் பொருள்களைப் பராமரிக்கும் ஒருவரிடம் காட்டுங்கள்.

சூப்பர் க்ளூ கண்ணில் தெறித்தால் இமையைப் பிரிக்க முயலாமல் தண்ணீரில் கழுவியபடி நேரே கண் மருத்துவமனைக்குப் போங்கள். லேக்கர் அடிக்கும்போது தலை சுற்றினால் அன்றைக்கு வேலை முடிந்தது. ஜன்னலைத் திறந்து வெளியே வாருங்கள். ஆர்கானிக் ஆவிக்கான கேட்ரிட்ஜ் மாஸ்க் வாங்கிய பிறகுதான் அடுத்த கோட்.